தப்பு எது?

விருது வந்துவிட்டது! 2025-ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி இந்திய அரசு வெளியிட்ட பத்மஸ்ரீ பட்டியலில் வேலு ஆசான் பெயர் இருந்தது. எந்த வேலு ஆசான்? நிலக்கோட்டையிலே வாழும் நமக்கு, வாடிப்பட்டிக்கு அப்பால், அண்டை ஊர் என்று சொல்லத்தக்க அலங்காநல்லூரின் வேலு ஆசான். காளைக்குப் பெயர் போன ஊர், கலைக்கும் பெயர் போன ஊராயிற்று. எந்தக் கலை? வீணையா, வயலினா, வாய்ப்பாட்டா? அவற்றுக்கு விருது வந்தால் வியப்பார் எவருமில்லை. ஆண்டுதோறும் வரும், அழைக்காமலே வரும். இவருக்கு வந்தது பறைக்காக! ஊர்க்கோடியில் நிறுத்தப்பட்ட பறைக்காக! சாவு வீட்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்ட பறைக்காக!

மகிழ்ந்தோம். ஆசான் அவர்கள் தம் தோளில் தொங்கிய கருவியைத் தலைநகரம் வரையில் தூக்கிச் சென்றார். சாதி பாராமல், ஆண் பெண் என்று பாராமல், கற்க வந்தோர்க்கெல்லாம் கற்பித்தார். அவருக்குக் கிடைத்த சிறப்பைக் குறைத்துப் பேச நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. சிறப்புச் செய்தோம் என்று மார்தட்டுகின்ற நம் ஊராரிடம் சில கேள்விகள் கேட்கவே எடுத்தோம்.

பொன்னாடை போர்த்துவது எளிது. மாலை போடுவது அதனினும் எளிது. நிலக்கோட்டைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, மல்லிகைக்குப் பஞ்சமில்லை. புகைப்படம் எடுத்துக்கொள்வதோ எல்லாவற்றினும் எளிது. ஆனால் கேட்கிறோம்: ஏட்டிலே அந்தச் செய்தியைப் படித்து, ‘நம் பக்கத்து ஆள்’ என்று பூரித்த அதே பெரியவர், மறுநாள் தெருவில் ஒரு துட்டி என்றால், என்ன சொல்கிறார்? ‘கொட்டுக்காரனை வரச்சொல்’ என்கிறார். ‘வர இயலுமா’ என்று கேட்பதில்லை. ‘என்ன கூலி’ என்று பேசுவதில்லை. வந்தவர் அப்பன் வயதினர் ஆயினும் ‘டேய்’ என்பதற்கு நாக்கு கூசுவதில்லை. மேடையில் இருந்தால் ‘ஆசான்’, தெருவில் நின்றால் ‘டேய்’! கருவி ஒன்று, கை ஒன்று, அடி ஒன்று. மரியாதை மட்டும் இரண்டு. இதற்குப் பெயர் கலைப்பற்றா?

பெயரிலிருந்தே தொடங்குவோம். இக்கருவிக்குத் தப்பு என்றும் பெயர் உண்டு. தமிழிலே தப்பு என்றால் பிழை என்றும் பொருள். இரண்டு சொல்லும் ஒலியால் ஒன்றானது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நம் சமுதாயம் அந்தத் தற்செயலைச் சட்டமாக்கிக்கொண்டது. தப்பை அடிப்பவன் பிறவியிலேயே தப்பு செய்தவன் என்பது போல நடத்தியது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று அடுக்கி, அந்த வரிசையிலே பறையையும் வைத்தது. குறிஞ்சிக்கு ஒரு பறை, முல்லைக்கு ஒரு பறை, மருதத்துக்கு ஒரு பறை. உழவுக்கும் பறை, போருக்கும் பறை, வெறியாட்டுக்கும் பறை. நிலத்துக்கெல்லாம் உரியதாய் இருந்த ஒன்றை, ஒரு சேரிக்கு மட்டும் உரியதாக்கியது யார்? வாழ்வுக்கெல்லாம் உரியதை, சாவுக்கு மட்டும் உரியதாக்கியது யார்? தப்பு எது, தோழர்களே? தோலைக் கட்டிய கருவியா, மனிதனைக் கட்டிப்போட்ட வழக்கமா?

இந்தக் கேள்விக்கு விடை நம் ஊரில் கிடைக்காது என்போர் நம்முடன் கடல் கடந்து வரட்டும். நெடுந்தொலைவு, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேற்கே, கரிபியன் தீவுகள் வரை.

பிரெஞ்சுக்காரர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1848-இல் ஒழித்தனர். ஒழித்த கையோடு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினர். சங்கிலி போயிற்று, ஒப்பந்தம் வந்தது. 1853-இல் மார்ட்டினிக் தீவுக்கும், 1854-இன் இறுதியில் குவாடலூப் தீவுக்கும் ‘ஒரேலி’ என்ற கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் தொடர்ந்தன. 1880-களின் முடிவுக்குள் குவாடலூப்பில் மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் இறக்கப்பட்டனர். மார்ட்டினிக்கில் 25,000 பேருக்கு மேல். ஆங்கிலேயர் ஆண்ட கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் வடநாட்டார். அவர்களோடு நம்மவரும் ஆயிரக்கணக்கில் போயினர். அவர்களை அங்கே ‘மதராசி’ என்றழைத்தனர்.

போனவர்கள் என்ன கொண்டு போனார்கள்? பொன்னா, பொருளா? பசியைக் கொண்டு போனார்கள். பாட்டைக் கொண்டு போனார்கள். பறையைக் கொண்டு போனார்கள். மொழி மெல்ல மெல்ல நாவைவிட்டு நழுவிற்று. பேரப்பிள்ளைகள் கிரியோல் பேசினர். ஆனால் இன்றைக்கும் குவாடலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் மாரியம்மன் விழா என்றால், தீ மூட்டித் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றுகிறார்கள், ‘தப்பு’ முழங்குகிறது. ‘தப்பு’ என்ற அதே பெயரால்! மத்தளம் ‘மத்தலோன்’ ஆயிற்று, நாடகம் ‘நாத்ரோன்’ ஆயிற்று, மாரியம்மன் ‘மாலியெமின்’ ஆனாள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்குப் பெயர் ‘வத்தியாலு’. நம் வாத்தியார்தான்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது. பொருள் மறந்துபோன தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் குறித்துவைத்துப் படித்து, மனப்பாடம் செய்து, மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லி, நூற்றைம்பது ஆண்டு காத்த வாத்தியார்கள் அவர்கள். ஊதியக் குழுவும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

மதுரை வீரனும் அங்கே போயிருக்கிறான். ‘மால்தெவிலன்’ என்ற பெயரில் குதிரைமேல் இருக்கிறான். நம் மதுரைச் சீமையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதை சொல்லும் அந்த வீரன், சக்கிலியர் குடியில் வளர்ந்தவன் என்று பாடப்படும் அந்த வீரன், பல்லாயிரம் கல் தொலைவில் கோயிலுக்குள் நிற்கிறான். அவன் முன்னே தப்பு முழங்குகிறது. கோயிலுக்கு வெளியே அல்ல, தெருமுனையில் அல்ல, தெய்வத்தின் முகத்துக்கு நேரே. கயானாவின் காளியம்மன் பூசையிலும் இதே காட்சிதான்: தப்பு இல்லையேல் பூசை இல்லை.

தெய்வம் உண்டா இல்லையா என்ற வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அதில் நம் கட்சி என்ன என்பது இந்த ஏட்டைப் படிப்பவர்க்குத் தெரியும். இங்கே நாம் காட்டவிரும்புவது வேறு. அங்கே தப்பு அடிப்பவனுக்குத் தனிச் சாதி இல்லை. கற்றவன் அடிக்கிறான், கைவந்தவன் அடிக்கிறான். ஒரே கப்பலின் அடித்தளத்தில் ஒன்றாய் உண்டு, ஒன்றாய்ப் படுத்து, ஒரே கங்காணியின் சாட்டைக்கு ஒன்றாய் முதுகு காட்டியவரிடம், ‘நீ தொடலாம், நீ தொடக்கூடாது’ என்ற சாத்திரம் நின்று நிலைக்க இயலவில்லை. கரும்புத் தோட்டத்துக் கொடுமையை நாம் புகழவில்லை! ‘கூலி’ என்ற சொல்லையே வசைச்சொல்லாக்கி நம்மவர்மீது வீசிய தோட்டங்கள் அவை. அந்த வசைக்கு நடுவே ஹென்றி சிதம்பரம் என்ற மனிதர் 1904-இலிருந்து வழக்காடி, 1923-இல் இந்திய வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வாங்கித் தந்தார். அவ்வளவு இழிவுக்கிடையிலும், ஒரு கருவியின் இழிவு மட்டும் கடலிலே கரைந்துவிட்டது. ஆகவே அந்த இழிவு தோலில் இருந்ததில்லை, குச்சியில் இருந்ததில்லை. நம் கரையில்தான் இருந்தது, இருக்கிறது.

அதே குவாடலூப்பின் இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு அங்கே ஒரு முழவு உண்டு, ‘குவோகா’ என்பர். நாகரிகச் சீமான்கள் அதைக் காட்டுமிராண்டி ஓசை என்று நெடுங்காலம் ஏசினர். அந்த முழவின் பெருங்கலைஞர் மார்செல் லோலியா. மக்கள் அவரை ‘வெலோ’ என்று அழைத்தனர். நம் வேலுவுக்கும் அந்த வெலோவுக்கும் பெயரில் சிறு மாற்றம்தான்! 1931-இல் பிறந்தவர். விரல் பட்டால் முழவு பேசும் என்று புகழப்பட்டவர். ஆனால் வறுமையில் உழன்று, தெருவிலே திரிந்து, 1984-இல் மாண்டார். மாண்டபின் என்ன ஆயிற்று? ஊரே திரண்டது. ஆயிரக்கணக்கானோர் முழவு முழங்கப் பின்தொடர்ந்தனர். இன்று அவர் சிலையாக நிற்கிறார், புவாந்த்-ஆ-பீத்ர் நகரின் நடுத்தெருவில். அந்தத் தெருவில் சனிக்கிழமைகளில் முழவுக்காரர்கள் கூடி அடிக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் குவோகாவை மானுடத்தின் மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது.

சிலை வைத்தார்கள், நல்லது. உயிரோடிருந்தபோது ஒரு வேளைச் சோறு வைத்தார்களா? சிலைக்குப் பசிக்காது. அதனால்தான் சிலை வைப்பது எல்லா நாட்டிலும் இவ்வளவு எளிதாயிருக்கிறது போலும்.

டிரினிடாடின் கதை இன்னும் கூர்மையானது. 1881-இல் அங்கே கார்னிவல் ஊர்வலத்தில் காவல்துறைக்கும் மக்களுக்கும் மோதல். 1884-இல் வெள்ளை அரசு முழவுக்கே தடை போட்டது. தோல் முழவைப் பிடுங்கினார்கள்; மக்கள் மூங்கிலைத் தரையில் தட்டினார்கள். பிறகு தகரத்தைத் தட்டினார்கள். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, அதன் அடிப்பரப்பைக் குழித்து, பள்ளத்துக்கொரு சுரம் வைத்தார்கள். அதுதான் ஸ்டீல் பேன். எஃகுப் பறை என்போம். சேரிப் பிள்ளைகளின் கருவி. ‘பேன் அடிக்கிறான்’ என்றால் பெண் கொடுக்கமாட்டார்கள், போக்கிரி என்பார்கள், காவலர் துரத்துவார்கள். அந்தப் போக்கிரிகளிலிருந்து ஒரு குழு 1951-இல் இலண்டன் விழாவுக்குச் சென்று வாசித்தது. 1992-இல் அது நாட்டின் தேசிய இசைக்கருவியாயிற்று. 2023-இல் ஆகஸ்டு 11-ஆம் நாளை உலக ஸ்டீல் பேன் நாள் என்று ஐ.நா. பேரவை அறிவித்தது. 2025-இல், நாட்டின் இலச்சினையில் இருந்த கொலம்பசின் மூன்று கப்பல்களை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீல் பேனை ஏற்றச் சட்டம் செய்தார்கள். ஆண்டானின் கப்பல் இறங்கிற்று. அடிமையின் பேரன் செய்த தகரம் ஏறிற்று!

இதைச் சொன்னால் நம் நண்பர் ஒருவர், ‘இங்கும்தான் ஏற்றிவிட்டார்களே, பத்மஸ்ரீ கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும்?’ என்கிறார். வேறுபாடு இதுதான் ஐயா. டிரினிடாட்டில் கருவியை ஏற்றினார்கள். ஏற்றியபின் அதை அடிப்பது எவருக்கும் இழிவில்லை. பள்ளிப் பிள்ளைகள் குழு குழுவாகக் கற்றுப் போட்டிகளில் வாசிக்கிறார்கள். இங்கே ஒரு மனிதரை ஏற்றினோம். கருவியையும், அதைச் சுமக்கும் மற்ற பல்லாயிரம் பேரையும் இருந்த இடத்திலேயே விட்டோம்.

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் எழும். ‘பறையைத் தூக்கி எறிவதல்லவா விடுதலை? அதைப்போய்ப் பெருமை என்கிறீர்களே!’ இந்தக் குரலை நாம் ஏளனம் செய்யமாட்டோம். தென்னார்க்காட்டுச் சீமையிலே எல். இளையபெருமாள் அவர்கள், ‘இனிப் பறையடிக்கமாட்டோம்’ என்று மக்களைத் திரட்டிப் போராடினார். அடிக்க மறுத்தவர்கள் அடிபட்டார்கள், வேலை மறுக்கப்பட்டார்கள். அவர்கள் கீழே போட்டது இசையை அல்ல, விலங்கை. தந்தை அடித்தார் என்பதற்காக மகனும் அடித்தே தீரவேண்டும், ஊரார் பிணத்துக்கெல்லாம் ஓடிவரவேண்டும், ஒரு படி நெல்லுக்கு இரவெல்லாம் நிற்கவேண்டும் என்றால், அந்தப் பறையை நெருப்பில் போட்டவன் வீரனே! அவனிடம் போய், ‘தம்பி, இது தொல்காப்பியக் கருவி’ என்று பாடம் நடத்தும் தமிழ்ப்பற்றாளரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவ்வளவு பற்று இருந்தால் நீங்கள் அடியுங்களேன்! உங்கள் வீட்டுப் பிள்ளையின் தோளில் மாட்டுங்களேன்!

சிலர் மாட்டியிருக்கிறார்கள், அதையும் மறைக்கமாட்டோம். நம் திண்டுக்கல்லிலேயே சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே அடிக்கலாம் என்ற கட்டையும், சாவுக்கு மட்டுமே அடிக்கவேண்டும் என்ற கட்டையும் ஒரே அடியில் உடைத்தார்கள். சலங்கை கட்டி, வரிசையாய் நின்று, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பேச, ஒடுக்கப்பட்ட இளம்பெண்கள் ஆடி வரும்போது, அங்கே யாரும் அவர்களை வரச்சொல்லி ஆள் அனுப்பவில்லை. அவர்களே வந்தார்கள். எறிந்தவருக்கும் ஏந்தியவருக்கும் பகை இல்லை என்பதே நம் கருத்து. இருவரும் கேட்டது ஒன்றையே: என் கையை நான் எதற்கு உயர்த்துவது என்பதை நான் முடிவு செய்வேன்.

அரசும் ஓரளவு அசைந்தது. 2022 ஆகஸ்டில், அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் மாவட்ட ஆட்சியர்களுக்கு மடல் எழுதி, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் ஒரு மனிதனைத் தெருத்தெருவாய் அடித்துக்கொண்டு போகச் சொல்வானேன்? சரியான ஆணை. ஆனால் தண்டோரா என்பது ஊராட்சி சொன்னால் நிற்கும். துட்டிக் கொட்டு ஊர்க் கட்டுப்பாடு. அது மடலுக்கு நிற்குமா? 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டோரைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவதைக் குற்றம் என்கிறது. சட்டம் நூலில் இருக்கிறது. நூல் நீதிமன்றத்தில் இருக்கிறது. நீதிமன்றம் நகரத்தில் இருக்கிறது. கொட்டுக்காரர் மட்டும் ஊர்க்கோடியில் இருக்கிறார். நம் நிலக்கோட்டை தனித் தொகுதி. தாழ்த்தப்பட்டோர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் பகுதியிலேயே, ‘கொட்டு அடிக்க வரமுடியாது’ என்று ஒருவர் சொல்ல எவ்வளவு துணிவு தேவைப்படுகிறது என்பதை இங்கு வாழ்பவர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

நாம் அறிந்த ஒரு பள்ளியிலே, ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் பறையாட்டம் ஆடட்டும் என்று இளம் ஆசிரியர் சிலர் சொன்னோம். மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார். ‘பள்ளிக்கூடத்தில் சாவுக் கொட்டா?’ என்றார். அதே விழாவில் மேலைநாட்டு டிரம்ஸ் முழங்கிற்று. அது என்ன திருமணக் கொட்டா? மாட்டுத்தோல் தீட்டு என்றால், மிருதங்கத்தின் தோல் எந்த மரத்தில் காய்த்தது? திண்டுக்கல்லிலே தோல் பதனிடும் தொழிலால் வாழ்ந்த வீடுகள் எத்தனை! தோலில் வரும் காசு தீட்டில்லை, தோலில் வரும் ஓசை மட்டும் தீட்டு!

சிறப்புச் செய்வது என்றால் என்னவென்று இப்போது சொல்லலாம். பறைக் கலைஞரை அழைப்பதென்றால், தேதியும் நேரமும் தொகையும் முன்கூட்டிப் பேசி அழையுங்கள். நாதசுரக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறீர்களே, அப்படி. வர விருப்பமில்லை என்றால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்புங்கள். வந்தால் நாற்காலி போடுங்கள். உண்ணும் பந்தியில் அதே வரிசையில் இலை போடுங்கள். மூன்று துண்டுப் பலகையை வளைத்துச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்துக் கட்டும் கைவேலையை, பள்ளியில் தொழிற்கல்வி என்ற பெயரில் என்னென்னவோ கற்பிக்கும் நாம், ஒரு நாள் ஆசானை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவர் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எல்லார் பிள்ளைகளுக்கும். முதலில் குச்சியைத் தொடவேண்டியவர்கள் மேல்தெருப் பிள்ளைகளே என்றுகூடச் சொல்வோம். வெலோவுக்குச் செய்ததுபோல் செத்தபின் சிலை வேண்டாம். முதுமையில் கைதளர்ந்த கலைஞர்களுக்கு அரசு தரும் நலிந்த கலைஞர் உதவித்தொகை, அதற்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கும் போய்ச் சேரட்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க நிலக்கோட்டை வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்! நாமும் மாலை வேளையில் சும்மாதான் இருக்கிறோம். வரட்டும், எழுதித் தருகிறோம்.

திருவிழாக் குழுவாருக்கும் ஒரு சொல். அழைப்பிதழ் அச்சிடுகிறீர்கள். நாதசுர வித்துவான் பெயர், தவில் வித்துவான் பெயர், வாணவேடிக்கைக்காரர் பெயர், ஒலிபெருக்கி அமைத்தவர் பெயர், பந்தல் போட்டவர் பெயர், நன்கொடை ஐம்பது ரூபாய் தந்தவர் பெயர் எல்லாம் போடுகிறீர்கள். முன்னால் நடந்து வந்து, வெயிலில் நின்று, விழாவைத் தொடங்கிவைக்கும் பறைக் கலைஞர் பெயரை ஏன் போடுவதில்லை? அடுத்த விழா அழைப்பிதழில் அவர் பெயரையும் ஊரையும், பெயருக்கு முன்னே ‘திரு’ என்ற அடைமொழியையும் சேர்த்துப் போடுங்கள். அச்சகத்தார் அந்த ஒரு வரிக்குத் தனிக்காசு கேட்கமாட்டார். கேட்டால் நாம் தருகிறோம்.